எத்தனை டிகிரியில் நிறுத்துவது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது அனுமந்தை. கிழக்கே மீனவக் குப்பங்கள், மேற்கே கழுவெளியின் சதுப்பு, வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். இந்தக் கரையில் உப்புத் தொழிலின் சூட்சுமம் ஒரு எண்ணில் இருக்கிறது. ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியோடு பாத்திக்குள் வரும் கடல்நீர், வெயிலிலும் காற்றிலும் வற்றி வற்றி 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியை எட்டியதும் சமையல் உப்பு பூக்கும். 29, 30 என்று ஏறும்போது மிச்ச நீரைத் திறந்துவிட்டாக வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கூடிக்கொண்டு உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து நசநசக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உப்பளத்துக்காரர் சொல்லும் ‘டிகிரி’. வெயில் எல்லாருக்கும் பொது. எந்த டிகிரியில் நிறுத்துவது என்று அறிந்தவர் கையில்தான் நல்ல உப்பு விளைகிறது.

ஒரு திரவத்தைச் சூட்டால் ஆவியாக்கும் எந்தத் தொழிலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இருபது ஆண்டுகளாக உலகத்தை அலைக்கழித்து வரும் இ-சிகரெட்டுக்கும் பொருந்தும். இ-சிகரெட்டைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘அதற்குள் என்ன இருக்கிறது’ என்பதைச் சுற்றியே நடக்கிறது: நிக்கோட்டின் எவ்வளவு, வாசனைப் பொருள் என்ன, புகையிலை உண்டா இல்லையா. புகைக்கும் கருவிகளின் நானூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒவ்வொரு கருவியும் ஒரு பொருளை எவ்வளவு சூடாக்குகிறது, அந்தச் சூட்டின் எல்லையை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதில்தான் அதன் ருசியும் இருந்தது, கேடும் இருந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி இ-சிகரெட் இழுத்த சில ஆண்டுகளின் கதை இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அந்தக் கதையை நம் ஊர்க் கண்ணோடு படிக்க வேண்டிய தேவையும் இருக்கிறது.

போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அரசவையை எட்டியது. பீஜப்பூரிலிருந்து அசத் பேக் கொண்டுவந்த புகையிலையை அக்பர் இழுத்துப் பார்த்தார். அரசவை மருத்துவர்கள் தயங்கினார்கள். அவருடைய மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகைக்கத் தடை போட்டார். தடை நிலைக்கவில்லை, ஹூக்கா நிலைத்தது. கரித்தணலின் சூட்டில் புகையிலையை வாட்டி, வரும் புகையைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் கெட்டது கழிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இன்றும் பலர் நம்புகிறார்கள். தண்ணீர் புகையைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைந்து நின்றுவிடாது. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாததால் இழுப்பவர் இன்னும் நீளமாக இழுக்கிறார். உடம்பின் எச்சரிக்கையை மட்டுப்படுத்தும் கருவி, ஆபத்தைக் குறைத்த கருவி என்று பெயர் வாங்கிக்கொள்வது அங்கிருந்தே தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் உறையூரும் திண்டுக்கல்லும் சுருட்டுக்குப் பெயர் பெற்றன. ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ லண்டன் வரை போனது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது. சுருட்டு பற்றியெரியும் பொருள். இழுக்கும்போது சிகரெட்டின் நெருப்பு முனை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது; அந்தச் சூட்டில் இலையிலிருந்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. இதே வங்கக் கடலோரத்தில், வடக்கே ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம், குறிப்பாகப் பெண்களிடம், நெடுங்காலம் இருந்தது. கடற்காற்றில் நெருப்பு அணையாதிருக்கவே இந்தப் பழக்கம் வந்தது என்று காரணம் சொல்வார்கள். அப்படிப் புகைத்தவர்களிடம் மேலண்ணத்தில் புற்றுநோய் மற்ற இடங்களைவிட மிக அதிகமாகக் காணப்பட்டதை ஆந்திர மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இலை அதே இலை. நெருப்பு இருக்கும் இடம் மாறியதும், நோய் வரும் இடமும் மாறியது. சூட்டைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பானம் எதுவென்பது முக்கியமாக இல்லை.

சிகரெட் நிறுவனங்கள் 1950-களில் வடிகட்டியைக் கொண்டுவந்தன, பிறகு ‘லைட்’ சிகரெட்டைக் கொண்டுவந்தன. வடிகட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டிருந்தார்கள். பரிசோதனை இயந்திரம் இழுத்தபோது அந்தத் துளைகள் வழியே காற்று கலந்து, தார் குறைவு என்று காட்டியது. மனிதர் இழுத்தபோது விரலும் உதடும் துளைகளை மூடின. நிக்கோட்டின் போதாத உடம்பு இன்னும் ஆழமாக இழுக்கச் சொன்னது. இயந்திரம் சொன்ன எண்ணும் நுரையீரலுக்குப் போன அளவும் வேறு வேறாயின. இ-சிகரெட் ஆய்வுகளிலும் இதே சிக்கல், திசை மாறி, திரும்ப வரப்போகிறது.

இ-சிகரெட்டின் மூலக்கரு புதிதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையில்லாத, புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963-இல் விண்ணப்பித்து 1965-இல் காப்புரிமை பெற்றார். வாங்க ஆள் இல்லை. 2003-இல் சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தாளர் ஹான் லிக் உருவாக்கியதுதான் இன்றைய கருவியின் முன்னோடி. அவருடைய முதல் வடிவம் மீயொலி அதிர்வால் திரவத்தைத் துளிகளாக்கியது. சந்தையில் நிலைத்த வடிவமோ எளிமையானது: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிய திரி, திரி உறிஞ்சும் திரவம். திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரியிலும் பின்னது 290 டிகிரியிலும் கொதிக்கும். அவற்றோடு நிக்கோட்டினும் வாசனையும். 2006, 2007 வாக்கில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைந்தபோது அது சிகரெட் போலவே மெலிந்திருந்தது. பேட்டரியின் இயல்பான 3.7 வோல்ட்டில் ஓடியது. சிகரெட்டை விட்டு வந்தவர்களுக்கு அது ஏமாற்றம். ஆவி கொஞ்சம், தொண்டையில் பிடிப்பில்லை, சில இழுப்பிலேயே பேட்டரி தளர்ந்துவிடும்.

அங்கிருந்துதான் மின்னழுத்தத்தைக் கூட்டும் ஆவல் பிறந்தது. அது தொழிற்சாலையில் பிறக்கவில்லை, புகைப்பவர்களின் கையில் பிறந்தது. டார்ச் விளக்கின் குழாயை அறுத்து உள்ளே பெரிய பேட்டரி வைத்தார்கள். இரண்டு பேட்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 6, 7 வோல்ட் வரை கொண்டுபோனார்கள். கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்து 5 வோல்ட் எடுத்தார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொத்தானை அழுத்தியே 3 முதல் 6 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளும் கருவிகள் கடைக்கு வந்தன. இதன் கணக்கு பள்ளிப் பாடம்தான். சுருளில் வெளிப்படும் வெப்பத் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. 2 ஓம் சுருளுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சுமார் 5.4 வாட், 5 வோல்ட் கொடுத்தால் 12.5 வாட். மின்னழுத்தம் ஒன்றரை மடங்கு, சூடு இரண்டே கால் மடங்குக்கும் மேல். கைவிரலின் ஒரு சின்ன அசைவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று இழுப்பவருக்கு எண் வழியாகத் தெரியாது, நாக்கின் வழியாகத் தெரியும்.

நாக்குக்குத் தெரிவது படிப்படியாக வரும். சூடு கூடக் கூட முதலில் ஆவி அடர்கிறது, வெதுவெதுப்பாகிறது, வாசனை விரிகிறது. தொண்டையில் சிகரெட்டைப் போன்ற ஒரு காரம் இறங்குகிறது. ஒரே இழுப்பில் உடம்புக்குள் போகும் நிக்கோட்டினும் ஏறுகிறது: மின்னழுத்தம், இழுப்பின் நீளம், திரவத்தின் நிக்கோட்டின் அளவு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, பதினைந்து இழுப்புகளில் வெளிவரும் நிக்கோட்டின் ஐம்பது மடங்குக்கும் மேல் வேறுபடுவதை பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். இன்னும் கூட்டினால் பழ வாசனைகள் தட்டையாகும், இனிப்புச் சரக்கு சுருளின்மேல் கருகி அப்பும். கடைசியில் திரி உறிஞ்சிக் கொடுக்கும் வேகத்தைச் சுருள் ஆவியாக்கும் வேகம் மிஞ்சிவிடும். திரவம் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அதன் கொதிநிலையே சூட்டுக்கு ஒரு கடிவாளம். திரி காய்ந்ததும் கடிவாளம் அறுந்து கம்பியின் சூடு எகிறும். அந்த இழுப்பு கரிந்த துணியைக் கடித்ததுபோல் இருக்கும், உடனே துப்பத் தோன்றும். ‘ட்ரை ஹிட்’ என்று இழுப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

அந்தக் கரிப்புக்கு முந்தைய படியில் வேதியியல் என்ன செய்கிறது என்பதே விவாதத்தின் மையம். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் கொதித்து ஆவியாவதோடு நிற்பதில்லை. சூடு மிகும்போது உடைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் ஆகியவையாகின்றன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட பொருள். அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னழுத்தத்தை 3.2-இலிருந்து 4.8 வோல்ட்டாக ஏற்றியபோது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவை 4 மடங்கிலிருந்து 200 மடங்குக்கும் மேல் கூடின. அடுத்த ஆண்டு ஜனவரியில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கடிதம் உலகச் செய்தியானது. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை விடுவிக்கும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் பத்து இழுப்புக்குச் சராசரி 380 மைக்ரோகிராம் இருந்தது. நீண்ட காலம் அப்படி இழுத்தால் ஃபார்மால்டிஹைடு சார்ந்த புற்றுநோய் ஆபத்து சிகரெட்டைவிடப் பல மடங்கு ஆகலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். விஷயம் தெரியாத தலைப்புகள் ‘இ-சிகரெட் சிகரெட்டைவிட மோசம்’ என்று அதைச் சுருக்கிவிட்டன.

இதற்கு வலுவான மறுப்பு வந்தது. கிரேக்க இதய மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸும் கூட்டாளிகளும், அந்தப் பழைய வகைக் கருவியில் 5 வோல்ட்டில் யாராலும் இழுக்க முடியாது, இயந்திரத்துக்கு நாக்கு இல்லாததால்தான் அது கரிந்த ஆவியையும் இழுத்துக்கொண்டே போயிற்று என்றார்கள். 2017-இல் அதே வகைக் கருவியை வைத்து, பழக்கமுள்ளவர்களிடம் முதலில் இழுக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் 4.2 வோல்ட்டுக்குள்ளேயே கரிப்பை உணர்ந்து நிறுத்திவிட்டார்கள். ஆய்வகத்தில் 5 வோல்ட்டில் வந்த அளவு பழைய கடிதத்தின் அளவைவிடவும் அதிகமாக இருந்தது. 4 வோல்ட்டிலோ பத்து இழுப்புக்கு இருபது மைக்ரோகிராம் அளவே. முதல் ஆய்வின் வேதியியல் சரி, அதை மனிதர் வாழ்க்கைக்குப் பொருத்தியது தவறு என்பது அவர்கள் முடிவு. நேர்மையான மறுப்பு இது. பெரும்பகுதியை ஏற்கத்தான் வேண்டும். ‘லைட்’ சிகரெட்டில் இயந்திரம் மனிதரைவிடக் குறைவாக இழுத்துப் பொய்யான நிம்மதி தந்தது, இங்கே மனிதரைவிடக் கடுமையாக இழுத்து மிகையான பயம் தந்தது. இரண்டிலும் பாடம் ஒன்றே: இயந்திரத்தின் எண் மனிதரின் இழுப்பு ஆகாது.

ஆனால் அந்த மறுப்பு எதன்மேல் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். நாக்கின்மேல் நிற்கிறது. நாக்கு நல்ல காவலாளிதான். 200 மடங்கு எல்லைக்குப் போகவிடாது. அதற்கு முந்தைய எல்லைக்குள் அது கண் மூடிக்கொள்கிறது. 4 வோல்ட்டில் வந்த இருபது மைக்ரோகிராமை எந்த நாக்கும் கசப்பாகச் சொல்லவில்லை. புகைத்துப் பழகியவரின் சுவையுணர்வு பொதுவாகவே மங்கியது. இனிப்பும் குளிர்ச்சியும் கலந்த திரவம் அந்த மங்கலுக்கு மேல் இன்னொரு திரை. உப்புப் பாத்தியில் மக்னீசியம் கூடியதை நாக்கால் அறியும்போது, பாத்தி ஏற்கெனவே கெட்டிருக்கும். அதனால்தான் அளவுமானியை இறக்கிப் பார்க்கிறார்கள். நாக்கு சொல்லும்வரை காத்திருக்கலாம் என்பது ஒரு நாள் பிழைக்குப் போதும், முப்பது ஆண்டுப் பழக்கத்துக்குப் போதாது.

மின்னழுத்தத்தின்மேல் பழி போடுவதே பிழை என்று சொல்பவர்களும் உண்டு. இதிலும் உண்மை இருக்கிறது. பெரிய சுருள், அகலமான காற்றுவழி, பஞ்சுத் திரி உள்ள கருவி 60, 80 வாட்டைக்கூடக் கரிப்பில்லாமல் தாங்கும். ஒல்லியான பழைய கருவி 12 வாட்டில் கருகும். கருவிக்குக் கருவி ஆல்டிஹைடு அளவு பல நூறு மடங்கு வேறுபடக்கூடும். ஆகவே வோல்ட் என்ற ஒற்றை எண்ணை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கணக்கில் வர வேண்டியது சுருளின் உண்மையான சூடு. இதை முதலில் உணர்ந்தவர்கள் கருவி செய்தவர்களே. 2014-இல் அமெரிக்காவின் இவால்வ் நிறுவனம் கொண்டுவந்த டிஎன்ஏ 40 என்ற மின்சுற்று, நிக்கல் கம்பியின் தடை சூட்டுக்கேற்ப மாறுவதை அளந்து, குறித்த டிகிரிக்கு மேல் போகாமல் மின்சாரத்தைக் குறைத்தது. உப்பளத்து அளவுமானிக்கு இணையான ஒன்று இ-சிகரெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தொழில்நுட்பம் முடியாது என்று சொல்லிக் கைவிட்டதில்லை. சந்தை வேறு பக்கம் திரும்பியது.

திருப்பியது 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஜூல். பென்சாயிக் அமிலத்தோடு நிக்கோட்டினைச் சேர்த்தால் அதன் காரத்தன்மை தணிந்து தொண்டையை உறுத்தாது. அதனால் திரவத்தில் ஐந்து சதவீதம் வரை நிக்கோட்டினை ஏற்ற முடிந்தது. சூட்டைக் கூட்டித் தேட வேண்டிய திருப்தியை ஜூல் குறைந்த சூட்டிலேயே கொடுத்தது. பொத்தான் இல்லை, எண் இல்லை, திருகு இல்லை. பிறகு வந்த, திரவம் தீர்ந்ததும் தூக்கிப்போடும் கருவிகளில் எல்லாமே மூடி முத்திரையிடப்பட்டன. சூட்டின் அளவு புகைப்பவர் கையிலிருந்து முழுக்கவே நழுவியது. குறைந்த சூடு குறைந்த ஆல்டிஹைடு என்ற வகையில் இது முன்னேற்றம். ஒரு பள்ளிப் பிள்ளை இருமாமல் இழுத்து அடிமையாகக்கூடிய கருவி என்ற வகையில் பெருங்கேடு. தொண்டையை எரித்த பழைய சூடு, புதியவரை விரட்டும் வேலையையும் செய்துகொண்டிருந்தது. ஹூக்காவின் தண்ணீர் செய்ததை ஜூலின் அமிலம் நூறு மடங்கு திறமையாகச் செய்தது.

சட்டங்கள் இந்த வரலாற்றைச் சரியாகப் பின்தொடரவில்லை. 2014-இல் நிறைவேறி 2016-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலைப் பொருள் நெறிமுறை, நிக்கோட்டினுக்கு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றும், தொட்டிக்கு 2 மில்லிலிட்டர் என்றும் உச்சவரம்பு வைத்தது. சுருளின் சூட்டுக்கோ திறனுக்கோ வரம்பு வைக்கவில்லை. அதன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: நிக்கோட்டின் குறைந்த திரவத்தை அதிக வாட்டில் சூடாக்கி, அதே அளவு நிக்கோட்டினை அதிக ஆவியோடு உடம்புக்குள் ஏற்றலாம். 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு இ-சிகரெட் சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்த கேடு என்று சொன்னது. அதை எடுத்துக்காட்டி ‘பிறகென்ன’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 900 டிகிரியில் எரியும் இலையோடு ஒப்பிட்டால் 250 டிகிரியில் கொதிக்கும் திரவம் குறைந்த கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. இருபது ஆண்டாகச் சிகரெட் இழுப்பவர் முழுக்க மாறினால் அவருக்கு அது லாபமே. ஆனால் அந்த எண் எந்தக் கருவிக்கு, எந்தச் சூட்டில் என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. தவிர, நம் நாட்டின் புகைப்பவர்களில் பெரும்பகுதி பீடி இழுப்பவர்கள். விலை உயர்ந்த கருவியை வாங்கி மாறியவர்கள் அவர்கள் இல்லை.

இந்தியாவின் வழி வேறு. 2018 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது. தமிழக அரசு அதே ஆண்டு செப்டம்பரில் தடை ஆணை பிறப்பித்தது. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது. தயாரித்தால், விற்றால், விளம்பரப்படுத்தினால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டும் ஐந்து லட்சமும். இந்தச் சட்டத்தில் நான் மதிக்கும் ஓர் அம்சம் உண்டு. இ-சிகரெட் என்றால் என்ன என்று வரையறுக்கும்போது அது நிக்கோட்டினைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு பொருளைச் சூடாக்கி, இழுப்பதற்கான ஆவியாக்கும் மின்கருவி எது என்றாலும், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இ-சிகரெட் என்கிறது. சூட்டை மையத்தில் வைத்த வரையறை. அங்கேயே நின்றும் விட்டது. சூடாக்குவதே குற்றம் என்றான பிறகு, எவ்வளவு சூடு என்று அளக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போனது.

தடை இருக்கும்போது அளவு எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தின் நோக்கம் யாரும் இழுக்காமல் இருப்பது. பாதுகாப்பான வோல்ட் இது என்று அரசு சொன்னால் அது அனுமதி போலாகிவிடாதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. தடையை நீக்க வேண்டும் என்பது என் வாதமும் இல்லை. சிறுவர்களை இதிலிருந்து தள்ளிவைத்ததில் அதற்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் தடைக்குப் பிறகும் கருவி வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு விமான நிலையங்களிலும் கடைகளிலும் தொடர்ந்து நடக்கும் பறிமுதல்களே சான்று. தடை செய்த பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கரை 2023 மே மாதம் விலை கொடுத்தது. அனுமந்தைக்கு அருகே, மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று வாங்கிக் குடித்தது தொழிற்சாலைக்கான மெத்தனால். அங்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூலி வேலைக்கும் கடலுக்கும் போகிறவர்களின் வீடுகள் அவை. மெத்தனாலுக்கும் குடிக்கும் சாராயத்துக்கும் நாக்கில் பெரிய வேறுபாடு தெரியாது. நாக்கை நம்பி விட்ட இடத்தில் அளவுகோல் இல்லாதபோது நடந்தது அது.

இ-சிகரெட்டிலும் அப்படி ஒன்று நடந்துவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் திடீரென்று நுரையீரல் வெந்துபோனவர்களாக இளைஞர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர்; 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இழுத்தது முறையற்ற வழியில் கிடைத்த கஞ்சாச் சாரம் கலந்த திரவம். அதைக் கெட்டியாக்க ஊற்றிய வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முதன்மைக் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்கள். தோலில் தடவினாலும் விழுங்கினாலும் தீங்கில்லாத அந்த எண்ணெய், சூடாக்கி நுரையீரலுக்குள் போனபோது கொன்றது. மிகுந்த சூட்டில் அது கீட்டீன் என்ற நச்சு வாயுவாக உடையக்கூடும் என்று வேதியியலாளர்கள் காட்டினார்கள். இந்திய அவசரச் சட்டம் வந்ததும் அமெரிக்காவில் நோயாளிகள் குவிந்த அந்த வாரங்களில்தான். அந்த நோயின் பயம் சட்டத்துக்கு வேகம் கொடுத்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடித்த முறை, அதாவது நோயாளிகளின் நுரையீரல் நீரையும் அவர்கள் இழுத்த திரவத்தையும் ஆய்வகத்தில் அளந்த முறை, இங்கே வழக்கமாகவில்லை.

அரசுக்கு அளக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இதே மரக்காணத்தில் விளையும் உப்பு, மனிதர் உண்பதற்காக விற்கப்பட வேண்டுமென்றால் அயோடின் சேர்த்தாக வேண்டும். கடைக்கு வரும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு என்று எண்ணும் இருக்கிறது, சோதிக்க ஆளும் இருக்கிறது. புகையிலைப் பொருள்களைச் சோதிக்க நொய்டா, மும்பை, குவாஹாத்தியில் கூடங்கள் அமைந்திருக்கின்றன. பறிமுதலான கருவிகளை எண்ணிக்கையும் மதிப்பும் போட்டுச் செய்திக்குறிப்பு வெளியிட்டு அழிப்பதற்கு முன், ஒரு பங்கையாவது அங்கே அனுப்ப வேண்டும். சுருளின் தடை எத்தனை ஓம், பேட்டரி கொடுப்பது எத்தனை வோல்ட், இழுக்கும்போது கம்பி எத்தனை டிகிரிக்குப் போகிறது, அந்தச் சூட்டில் ஆவிக்குள் ஃபார்மால்டிஹைடும் நிக்கலும் ஈயமும் எவ்வளவு, உறையில் எழுதிய நிக்கோட்டினும் உள்ளே இருக்கும் நிக்கோட்டினும் ஒன்றுதானா என்று பார்த்து, முடிவைத் தமிழிலும் வெளியிட வேண்டும். ஒரு கருவிக்குச் சில மணி நேர வேலை. மூச்சுத் திணறலோடு வரும் இளைஞனைப் பார்க்கும் மரக்காணம் அரசு மருத்துவருக்கும், பிள்ளையின் பையில் பேனா போன்ற ஒன்றைக் கண்டெடுக்கும் பெற்றோருக்கும் அந்தத் தாள் இன்று கிடைப்பதில்லை.